கோடு போடாத பக்கங்கள்

என் மனைவி இறந்த நான்காவது மாதத்தில் நான் ஒரு தவறு செய்தேன். அவசரத்தில் செய்தது அல்ல. பதினொரு நாள் உட்கார்ந்து, அளவுகோல் வைத்துக் கட்டம் கட்டி, நிறுத்தி நிதானமாகச் செய்த தவறு.

எங்கள் ஊர்க் கூடத்தின் சாவி பத்தொன்பது வருடம் அவளிடம் இருந்தது. சாவி வைத்திருப்பது என்றால் பூட்டுவதும் திறப்பதும் மட்டுமல்ல. யாருக்கு எந்த நாள் கூடம் என்று எழுத வேண்டும், ஒரே நாளுக்கு இரண்டு பேர் வந்து நின்றால் இரண்டு பேரும் கோபப்படாமல் பேசி அனுப்ப வேண்டும், நாற்காலி இரவல் கொண்டுபோனவர்கள் வீட்டுக்குப் போய்ச் சிரித்துக்கொண்டே திருப்பி வாங்க வேண்டும். சம்பளம் கிடையாது. வருடத்துக்கு ஒரு நாட்குறிப்புப் புத்தகம் மட்டும் கமிட்டி வாங்கித் தரும். நாளுக்கு ஒரு பக்கம். கூடம் யாருக்காவது கொடுக்கப்பட்டிருந்தால் அவர் பெயர், எதற்கு, எத்தனை மணிக்கு என்று எழுதுவாள். யாரும் கேட்காத நாள் என்றால் பக்கத்தின் குறுக்கே ஒரு சாய்ந்த கோடு. அவள் போன பிறகு பத்தொன்பது புத்தகங்களும் சாவியும் என்னிடம் வந்தன. கமிட்டி கூடித் தீர்மானித்தெல்லாம் வரவில்லை. அவை எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தன, நானும் அந்த வீட்டில் இருந்தேன், அவ்வளவுதான்.

கல்குவாரியின் எடை மேடையில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தவன் நான். லாரி வரும், ஏறி நிற்கும், முள் நிற்கும் இடத்தை எழுதுவேன். ஊரில் என்னை எடைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பெயர். அந்தப் பெயர்தான் என்னைக் கவிழ்த்தது.

பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கூடம் நூறு வருடத்தைத் தாண்டிவிட்டதால் அவர்களே எடுத்துப் பழுதுபார்ப்பார்களாம். ஓடு, தூண், மரத் தளம் எல்லாம் பழையபடி ஆகும். அதன் பிறகு சாவி, அலுவலகம் அனுப்பும் ஒரு நிர்வாகியிடம் இருக்கும். அவர் ஊர்க்காரராக இருக்க மாட்டார். எழுதிக் கொடுத்த ஆவணம் என்ன சொல்கிறதோ அதன்படி திறப்பார், பூட்டுவார். அந்த ஆவணத்தில் ‘மரபான பயன்பாடு’ என்று ஒரு பகுதி. அதில் ஒருமுறை ஏறியதை எந்தக் கமிட்டியும் பிறகு மாற்ற முடியாது. மற்ற விதிகளை வேண்டுமானால் ஓட்டுப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். அதற்காக, கூடம் இதுவரை எப்படிப் பயன்பட்டது என்று கையில் உள்ள பதிவுகளிலிருந்து ஓர் அட்டவணை கேட்டிருந்தார்கள்.

எனக்கு அப்போது ஒரு வேலை தேவைப்பட்டது. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு வாசல் கேட்டுக்குப் போவேன். கேட்டருகே நின்றால் அடுப்பை அணைத்தேனா என்று திரும்பி வருவேன். பிறகு சட்டை மாற்றிக்கொண்டு எங்கேயோ கிளம்புவேன், தெருமுனை வரை போனதும் எங்கே என்று தெரியாது. தெருவில் யாராவது “எங்க இவ்வளவு தூரம்?” என்று கேட்டால் “சும்மா இப்படி” என்பேன். சும்மா இருக்க முடியாததுதான் வியாதி. அட்டவணை வேலை வந்த பிறகு கொஞ்சம் உட்கார்ந்தேன். அவள் எழுத்தைப் பார்த்துப் பார்த்து என் எழுத்தில் மாற்றினேன். பத்தொன்பது வருடம் நாற்பத்தாறு தாளில் அடங்கியது. எழுத்து இல்லாத பக்கங்களைப் புரட்டிவிட்டு அடுத்ததற்குப் போனேன். எடை மேடையில் ஊறிய புத்தி. வராத லாரிக்கு எடை எழுதுவதில்லை.

அட்டவணையை அனுப்பி ஐந்து வாரத்தில் ஆவணத்தின் வரைவு வந்தது. நின்றுகொண்டே படித்தேன்.

‘மரபான பயன்பாடு: கூடத்தைக் கட்டிய முப்பத்திரண்டு குடும்பங்களின் வழிவந்தோர் திருமணம், கூட்டம், இறப்பு ஆகியவற்றுக்குக் கூடத்தைப் பயன்படுத்துவர். பிறர் பயன்படுத்தியதற்குப் பதிவு இல்லை.’

முதல் வாக்கியம், கூடம் கட்டியபோது எழுதிய பழைய பத்திரத்திலிருந்து எடுத்தது. இரண்டாவது வாக்கியம் என்னிடமிருந்து எடுத்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அன்று கூடம் அந்த வீட்டுக்கு. அந்த நாளுக்கு வேறு யார் கேட்டிருந்தாலும், கல்யாணமே என்றாலும், அவர்கள்தான் வேறு இடம் பார்க்க வேண்டும். உடலை நடுவில் உள்ள நீள மேசையில் கிடத்துவார்கள். வந்தவர்கள் சுற்றி உட்காருவார்கள். யாரும் வழக்காடியதில்லை, யாரும் அதை ஒரு சட்டமாக நினைத்ததும் இல்லை. ஆனால் ஊர் என்றால் முப்பத்திரண்டு குடும்பங்கள். குவாரி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் இருப்பவர்கள் கல் உடைக்க வந்தவர்கள். வந்து அறுபது வருடம் ஆகிவிட்டது. இருந்தாலும் வந்தவர்கள் வந்தவர்கள்தான். அவர்கள் வீட்டுச் சாவு அவர்கள் வீட்டு வாசலோடு.

என் மனைவி லைனில் பிறந்தவள். அவள் அப்பா இறந்த அன்று நல்ல மழை. லைன் வீடுகளின் உள்ளே நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே. தார்ப்பாயைக் கட்டி அதன் கீழே கிடத்தியிருந்தோம். தார்ப்பாயில் தண்ணீர் தேங்கித் தேங்கித் தொப்பை போட, இரண்டு பேர் கம்பால் குத்தித் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். கூடத்தின் பூட்டு அங்கிருந்தே தெரியும். முப்பத்திரண்டு குடும்பத்தில் பிறந்த நானும் அந்த மழையில்தான் நின்றேன். போய்ச் சாவி கேட்கத் தோன்றவில்லை.

ஏழு வருடம் கழித்துச் சாவி அவளிடம் வந்தது. எங்கள் வீட்டு மருமகளான பிறகு அவள் லைன்காரி இல்லை என்று ஊர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. அந்த வருடமே லைனில் ஒரு சாவு. அவள் போய்க் கூடத்தைத் திறந்தாள். நான் பெஞ்சு தூக்கிப் போட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ. எல்லாவற்றுக்கும் நான் பெஞ்சு தூக்கியிருக்கிறேன். தூக்கிய என் கைதான் நாற்பத்தாறு தாளில் அவர்கள் யாரும் அங்கே வரவில்லை என்று எழுதிக் கொடுத்தது.

வரைவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லைனுக்குப் போனேன். என் மனைவியின் அக்கா அங்கே இருக்கிறாள். முப்பது வருடம் கல் உடைத்தவள். அதனாலும், வாயினாலும், சுத்தியல் என்று பெயர். எதிரில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் அவள் வருத்தப்பட மாட்டாள். கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“படிங்க,” என்றாள்.

படித்தேன்.

“பிறர்னா யாரு?”

“நீங்கதான் அக்கா.”

“அறுபது வருஷம் ஆச்சு, இன்னும் பிறரா? சரி. பதிவு இல்லைன்னு யாரு சொன்னது?”

“நான் அனுப்பின அட்டவணை.”

ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

“மாப்பிள்ளை, உங்க கையெழுத்து எப்பவும் அழகுதான். ஆனா பெஞ்சு தூக்கினப்ப வலிக்காத கை, எழுதும்போது வலிச்சிடுச்சா?”

“அவ எழுதலையே அக்கா. புத்தகத்துல ஒண்ணுமே இல்ல.”

“ஒண்ணுமே இல்லாத பக்கத்தைப் பார்த்தீங்களா?”

“ஒண்ணும் இல்லாததை என்ன பார்க்கிறது?”

“ஆள் வராத நாளுக்குக் கோடு போடுவா. சாவு விழுந்த நாளுக்குக் கோடும் கிடையாது, எழுத்தும் கிடையாது. வெறும் பக்கம். நான் ஒருநாள் பார்த்துட்டுக் கேட்டேன், ஏண்டி இப்படின்னு. ‘அது அப்படித்தாங்க்கா, விடு’ன்னா. முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினவரு நீங்க. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. அவள் எழுதுவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். சாவை யாரும் முன்கூட்டிப் பதிவு செய்வதில்லை, அதனால் எழுதவில்லை என்று, யோசித்திருந்தால், அப்படித்தான் நினைத்திருப்பேன். யோசிக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து புத்தகங்களைத் தரையில் பரப்பி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். கோடு, கோடு, ஒரு கல்யாணம், கோடு, தையல் வகுப்பு, வெறும் பக்கம். அவளுடைய நாளைச் சேர்க்காமல் அறுபத்தொரு வெறும் பக்கங்கள். தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அலுவலகத்திலிருந்து ஆள் வந்து ஆவணத்தை முடிக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

லைனில் மொத்தம் நாற்பத்து நாலு வீடு. ஒரு கோடியிலிருந்து தொடங்கினேன். சாவுத் தேதியைக் கேட்டுக்கொண்டு ஒருவன் வாசல் வாசலாக வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக் கூசினேன். ஆனால் மூன்றாவது வீட்டிலேயே அவர்களுக்குள் சண்டை வந்துவிட்டதால் என் கூச்சத்தை யாரும் கவனிக்கவில்லை.

“எங்க மாமனார் போனது வெள்ளிக்கிழமை,” என்றாள் மருமகள்.

“வியாழன்,” என்றான் மகன். “மறுநாள் வெள்ளிக்கிழமை சம்பளம். நான் சம்பளம் வாங்கப் போகலையே, அதான் எனக்கு வயிறு எரிஞ்சுது.”

“அப்பா செத்ததுக்கு எரியல, சம்பளம் போனதுக்கு எரிஞ்சுதாக்கும்.”

“ரெண்டும் சேர்ந்துதான்டி எரிஞ்சுது.”

என் தாளில் வெள்ளிக்கிழமைதான் இருந்தது. மருமகளைப் பார்த்துத் தலையாட்டினேன். அவள் புருஷனைப் பார்த்த பார்வைக்கு ஒரு வருடத்துக்கு அவன் வாய் திறக்க முடியாது.

எதிர்வீட்டு வெல்டர் தன் தங்கை இறந்த நாளை, நிமிடம் உட்படச் சொன்னார். அதோடு நிறுத்தாமல், “உங்க வீட்டம்மா அன்னிக்கு ஜன்னலெல்லாம் திறந்து வச்சாங்க. ‘சின்னப் பொண்ணு, காத்து வரட்டும்’னாங்க,” என்றார். அதைக் கேட்ட பிறகு அந்தத் தெருவில் உடனே வேறு வீட்டுக்குப் போக முடியவில்லை. பாதியில் திரும்பினேன். திரும்பியவன் வீட்டிலும் இருக்க முடியாமல் மறுபடி வந்து அடுத்த கதவைத் தட்டினேன்.

நாலு நாளில் முப்பத்தேழு தேதிகளுக்கு ஆள் கிடைத்தது. இருபத்து நாலு தேதிகளை லைனில் யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. முதலில் மறதி என்று நினைத்தேன். இருபத்து நாலு சாவையா மறப்பார்கள்?

ஐந்தாம் நாள் கமிட்டித் தலைவரைப் பார்க்க மாவு ஆலைக்குப் போனேன். ஆலைக்காரர் இருபது வருடத்துக்கு மேலாகத் தலைவர். கூடத்துக்கு நிலம் கொடுத்தது அவருடைய கொள்ளுத்தாத்தா. நல்ல மனிதர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. புருவத்திலும் காதிலும் மாவு படிந்து, அரவை இயந்திரத்தின் சத்தத்தில் கத்திக் கத்திப் பழகி, வெளியிலும் கத்தித்தான் பேசுவார். என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். வரைவை நீட்டினேன்.

“பார்த்தேன் எடைக்காரரே. இதுல என்ன?”

“லைன்ல சாவு விழுந்தா கூடம் திறக்கிறோமே அண்ணே. அது இதுல இல்ல.”

“இல்லதான்.”

“நிர்வாகி வந்தா பேப்பரைப் பார்த்துத்தான் திறப்பான்.”

அவர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

“உங்க வீட்டுக்காரம்மா உங்ககிட்ட சொல்லலையா?”

“எதை?”

“முதல் தடவை லைனுக்குத் திறந்தாங்களே, அன்னிக்குச் சாயங்காலம் இங்கதான் வந்து நின்னாங்க. நான்தான் கூப்பிட்டு விட்டிருந்தேன். எங்க ஆளுங்க நாலஞ்சு பேர் என்னைப் பிடிச்சுக் காய்ச்சிட்டாங்க. நான் சொன்னேன், ‘அம்மா, நீங்க திறங்க, நான் தடுக்க மாட்டேன். ஆனா புத்தகத்துல வரக்கூடாது. லைன்காரங்க சாவு ஒண்ணுகூட அதுல ஏறக்கூடாது. ஏறினா எவனாவது தூக்கிட்டு வந்து கூட்டத்துல வைப்பான், ஓட்டுக்கு விடு என்பான், நின்னு போயிடும்’னு. கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. சரின்னுட்டுப் போனாங்க. இதுதான் எங்களுக்குள்ள பேச்சு. எழுதாததாலதான் எடைக்காரரே பத்தொன்பது வருஷம் நடந்துச்சு. இதுல தப்பு என்ன?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் அதற்குச் சம்மதித்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் “வீணா எதுக்கு வம்பு” என்று சொல்லியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

“இப்ப எழுதலைன்னா நின்னுடும் அண்ணே,” என்றேன்.

“எழுதப்போனாலும் நிக்கும். நான் ஒருத்தன் சரின்னு சொன்னா ஆச்சா?” இயந்திரத்தைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். பேச்சு முடிந்தது.

ஆலையிலிருந்து வீட்டுக்கு நேர்வழி பத்து நிமிடம். நான் அன்று குளத்தைச் சுற்றி, பள்ளிக்கூடத்தைச் சுற்றி, மறுபடி ஆலைத் தெருவுக்கே வந்து, எதற்கு வந்தேன் என்று நின்றேன். கையில் அந்தத் தேதித் தாள். ஆள் கிடைக்காத இருபத்து நாலில் ஒன்றின் மேல் கண் நின்றது. பதினாலு வருடத்துக்கு முந்தைய தேதி. எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், லைன்காரர்களின் தேதி என்று நினைத்துக்கொண்டு. அது என் அப்பா இறந்த நாள்.

அங்கேயே, தெருவில் நின்று, தாளை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். தபால்காரரின் மனைவி போனது. பந்தல்காரரின் தம்பி போனது. எனக்கே நினைவிருந்தவை ஏழு. மீதியை மறுநாள் எங்கள் பக்கத்து வீடுகளில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இருபத்திரண்டு. எல்லாம் முப்பத்திரண்டு குடும்பத்துச் சாவுகள்.

ஆலைக்காரர் அவளிடம் கேட்டது லைன்காரர்களை எழுதக்கூடாது என்று. அவள் அதைக் காப்பாற்றினாள். ஆனால் மற்றவர்களையும் எழுதவில்லை. அவர்கள் சாவுக்கு ஒரு பக்கம், இவர்கள் சாவுக்கு ஒரு பக்கம், இரண்டும் வெறும் பக்கம். ஒரு வார்த்தை பேசாமல், யாரையும் கேட்காமல், பத்தொன்பது வருடம் அப்படி வைத்திருந்திருக்கிறாள். சொந்த மாமனாரைக்கூட எழுதவில்லை.

மீதி இரண்டு தேதிகள் யாருடையவை என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆவணத்தை முடிக்க வந்த அதிகாரி ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தது. அளவுக் கருவியைச் சுவரை நோக்கிப் பிடித்துச் சிவப்புப் புள்ளியை ஓடவிட்டு, தும்மி, எண்ணைக் குறித்து, மறுபடி தும்மினார். கமிட்டியார் ஏழு பேரும் நீள மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நான் உட்காரவில்லை. சுத்தியல் அக்காவை வரச் சொல்லியிருந்தேன். வந்தாள். ஆனால் வாசற்படியோடு நின்றுவிட்டாள்.

“உள்ள வாங்க அக்கா.”

“யாரும் சாகலையே மாப்பிள்ளை. எதுக்கு உள்ள வர்றது?”

கமிட்டியில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது, சாவு இல்லாத நாளில் லைன்காரர்கள் யாரும் அந்தப் படியைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

அதிகாரி வரைவை வாசித்தார். ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்துப் பையன் போல.

“நான் அனுப்பின அட்டவணை தப்புங்க.”

“உங்க கையெழுத்துதானே சார்? இவ்வளவு தெளிவா ஒரு அட்டவணை எங்க ஆபீஸுக்கு வந்ததே இல்ல.”

“தெளிவா இருக்கு. தப்பா இருக்கு.”

அறுபத்தொரு தேதியும், அவற்றில் ஐம்பத்தொன்பதுக்கு உரிய வீடுகளும் எழுதிய தாளைக் கொடுத்தேன். கோடு போட்ட பக்கம் எது, போடாத பக்கம் எது என்று புத்தகத்தைப் புரட்டிக் காட்டினேன். அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நடந்துக்கிட்டிருக்கிற வழக்கம்னு எழுத எனக்கு ரெண்டு பேர் சொன்னாப் போதும். சாவி வச்சிருக்கிறவர் ஒருத்தர். கமிட்டித் தலைவர் ஒருத்தர். நீங்க சொல்லிட்டீங்க. தலைவர் என்ன சொல்றீங்க?”

கமிட்டியில் இருந்த பந்தல்காரர் முந்திக்கொண்டார். “வெத்துப் பக்கத்தைக் காட்டி இதுதான் ஆதாரம்னா, நாளைக்கு நான்கூட ஒரு வெத்துப் பேப்பரைக் கொண்டுவந்து இந்தக் கூடமே என்னுதும்பேன்.”

“தலைவரைத்தான் கேட்டேன்,” என்றார் அதிகாரி.

ஆலைக்காரர் தொண்டையைக் கனைத்தார். இயந்திரச் சத்தம் இல்லாத இடத்தில் அவர் குரல் எப்போதும் போல உரக்க வரவில்லை.

“வெறும் பக்கம் வெறும் பக்கம்தான். அதை வச்சு நான் என்ன சொல்ல முடியும்?”

பதினோராவது வருடத்துப் புத்தகத்தை எடுத்து, முதல்நாளே அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து, அவர் முன்னால் வைத்தேன். தேதியை மட்டும் விரலால் காட்டினேன். அதற்குப் பெயர் துணிச்சல் இல்லை. வாய் திறந்தால் குரல் உடையும் என்ற பயம்.

அவர் பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவருடைய அம்மா இறந்த நாள் அது. எத்தனை பேர் வந்தார்கள் அன்று. நாற்காலி போதாமல் பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சு கொண்டுவந்தோம்.

“எங்க அம்மாவை எழுதலையா?”

“யாரையும் எழுதல அண்ணே. எங்க அப்பாவையும் எழுதல.”

“நான் அப்படிச் சொல்லலையே. நான் சொன்னது...” என்று தொடங்கி, தான் சொன்னது என்னவென்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டிவரும் என்று தெரிந்து, நிறுத்தினார். பக்கத்தைத் தடவிப் பார்த்தார், பென்சிலால் எழுதி அழித்திருப்பாளோ என்று பார்ப்பவர் போல. “அன்னிக்கு விடியறதுக்குள்ள வந்து கூட்டி, கழுவி, இந்த மேசையைத் துடைச்சு வச்சிருந்தாங்க. நான் வந்தப்ப ஈரம்கூடக் காயல. ‘உள்ள கொண்டாங்க’ன்னாங்க. அவ்வளவுதான் பேசினாங்க.”

“அப்படின்னா உங்க அம்மா இங்க கிடந்ததுக்குப் பதிவு இல்ல,” என்றாள் வாசலிலிருந்து அக்கா. “இல்லைன்னு எழுதிக்கலாமா?”

“சும்மா இரும்மா,” என்றார் பந்தல்காரர்.

“உங்க தம்பியும் அதே கதைதான். பக்கத்தைப் பார்க்கணுமா?”

பந்தல்காரர் பார்க்க விரும்பவில்லை.

ஆலைக்காரர் புத்தகத்தை மூடினார். மூடிய புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, அதிகாரியைப் பார்க்காமல், “எழுதுங்க,” என்றார். “இந்த ஊர்ல யார் வீட்டுல சாவு விழுந்தாலும் அன்னிக்குக் கூடம் அவங்களுக்கு. லைனையும் சேர்த்து எழுதுங்க. தனியா எழுதாதீங்க, சேர்த்து எழுதுங்க.”

“இதை எழுதினா நாளைக்குக் கல்யாணத்துக்கும் கேப்பாங்க,” என்றார் பந்தல்காரர்.

“கேப்போம்,” என்றாள் அக்கா.

அதிகாரி இருவரையும் பார்த்தார். “சாவுக்கு நடந்திருக்குன்னு சொன்னதை எழுதறேன். கல்யாணம் நடக்காததை நடந்ததா எழுத முடியாது. அது உங்க கமிட்டி விதி. இன்னிக்கு வரைக்கும் யாரும் கேட்டதும் இல்ல, மறுத்ததும் இல்ல. சரியா?”

சரியாகத்தான் இருந்தது. அவர் எழுதினார். வாசித்துக் காட்டினார். ஆலைக்காரர் கையெழுத்துப் போட்டார், நான் போட்டேன். சாட்சியாக லைன் தரப்பில் ஒருவர் போட்டால் நல்லது என்றார் அதிகாரி. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். சுவரோரம் ஒரு நாற்காலியைப் பார்த்து, அதை மேசை வரை இழுத்து வந்து, தளத்தில் அது போட்ட சத்தத்தைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்தாள். தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். இத்தனை வருடம் வந்த போதெல்லாம் அவள் கண் மேசை மேல்தான் இருந்திருக்கும். கூரையை அன்றுதான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். மெதுவாக, எழுத்து எழுத்தாக, தன் பெயரை எழுதினாள்.

பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. என்னிடம் நீட்டினாள்.

“மாப்பிள்ளை, சாவி இன்னும் உங்ககிட்டதானே?”

“நிர்வாகி வர்ற வரைக்கும்.”

“பேத்திக்கு அடுத்த மாசம் கல்யாணம். பதினாலாம் தேதி சும்மா இருக்கா பாருங்க.”

பந்தல்காரர் ஆலைக்காரரைப் பார்த்தார். ஆலைக்காரர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி அளவுக் கருவியைப் பைக்குள் வைத்து, வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்தார்.

இந்த வருடப் புத்தகத்தைத் திறந்தேன். அடுத்த மாதத்துக்குப் போக, அவள் இறந்த நாளைத் தாண்டித்தான் புரட்ட வேண்டும். அந்தப் பக்கத்தில் நானும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. காரணம் எதுவும் இல்லை, என்ன எழுதுவதென்று தெரியாததுதான். தாண்டிப் போனேன். பதினாலாம் தேதி சும்மாதான் இருந்தது.

அவள் எழுதாமல் காத்து வைத்திருந்ததை நான் ஊரைக் கூட்டி எழுதவைத்துவிட்டேன். அவள் கொடுத்த வாக்கை உடைத்துவிட்டேன். சரியா, தவறா என்று கேட்கவேண்டிய ஆள் ஒருத்திதான். இப்போதும் ஒரு நாளைக்கு நாலு தடவை வாசல் கேட்டுக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்று அதைக் கேட்டுக்கொள்கிறேன்.

“எத்தனை மணிக்கு அக்கா?” என்றேன்.

“காலையிலேருந்து,” என்றாள். “முழுசா எழுதுங்க. பேரு, வேளை, எதுக்குன்னு. அழகா எழுதுங்க.”